கை கொடுக்காதே என்றார் டாக்டர்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது மலேசியாவில் ஜாசின் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், மீதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்கள். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. பேச்சும் அப்படித்தான். "உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும் புள்ள" என்று என் கணவர் சொல்லாத நாள் கிடையாது. அந்த வாயால்தான் அவருக்கு ஒரு நல்லது நடந்தது.

அவர் குலை வெட்டுகிறவர். எங்கள் தோட்டத்தில் உயரமான மரங்களில் வெட்ட முடியாத குலைக்கு அவரைத்தான் வேலைக்கு ஆள் பிரிக்கிற தண்டல் கூப்பிடுவார். ஒரு மழை நாளில் லாரியில் குலை ஏற்றும்போது பலகை வழுக்கி விழுந்தார். அவர் தூக்கிக்கொண்டிருந்த குலையும் அவர் முதுகிலேயே விழுந்தது. செம்பனைக் குலையைப் பார்க்காதவர்கள் ஒரு சிமெண்டு மூட்டைக்கு முள் முளைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று படம் காட்டினார்கள். எலும்பு கூடியது சரி, வலி எங்களோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது. இடுப்பில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரைக்கும் ஓடும். தோள்பட்டையும் சரியாகத் தூக்க வராது.

தோட்டத்து வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். அவர் பெயரைச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில் இருந்து எடுத்த பிறகு என் பெயர் இருந்ததால் வீடு தங்கியது. நான் உதிரிப்பழம் பொறுக்குவேன், உரம் போடுவேன். நான் நின்றால் வீடு போய்விடும். ஒரே மகளும் கல்யாணமாகி ஜொகூர் பக்கம் போய்விட்டாள். ஆகவே விடியுமுன் எழுந்து அவரை எழுப்பி, பிடித்துக்கொண்டு போய்க் கக்கூஸில் விட்டு, கழுவி, குளிப்பாட்டி, சாரோங் கட்டி, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் கஞ்சியை மூடி வைத்துவிட்டுத்தான் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடுவேன். மதியம் வந்துதான் மறுபடி அவரைத் தூக்க வேண்டும். அதுவரைக்கும் அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ஒண்ணுக்கு வருமே.

இது எதுவும் வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அவர் விட மாட்டார். யாராவது பார்க்க வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கேன் லா, கொஞ்சம் இடுப்புதான்" என்பார். அவர்கள் போன பிறகு முகம் வெளுத்துவிடும்.

தோட்டத்து கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள் எல்லாம் வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். கடைசியில் அங்கிருந்தவர் ஒரு கடிதம் கொடுத்து மலாக்காவுக்கு அனுப்பினார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், மற்ற மாத்திரை கேட்காதவர்களுக்குப் பார்த்துப் பலமான மருந்து கொடுப்பார் என்றார். நாங்கள் சாமி கும்பிட்டோம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்புவார்கள். தோட்டத்து ஆள்தானே என்று எவனும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது. வீட்டில் இருக்கிற நல்ல துணி அன்றைக்குத்தான் வெளியே வரும். நானும் அவருக்கு முகம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையும் நீளக் கால்சட்டையும் மாட்டி, ஷூ போட்டுக் கயிறு கட்டி, தலைவாரி, திருநீறு பூசி அனுப்பிவைத்தேன். எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அவருடைய அண்ணன், என் மூத்தார், ஜாசின் டவுனில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கோயில் கமிட்டியிலும் பெரிய ஆள். அவர் காரில் கூட்டிப் போனார்.

சாயங்காலம் வந்தார்கள். மூத்தார் முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன மாமா, மருந்து குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேணாமாம். டாக்டரு நல்லா விசாரிச்சாங்க. குளிக்க முடியுமா, போலே. சட்ட போட முடியுமா, போலே. நடக்க முடியுமா, போலே. என் தம்பி எல்லாத்தையும் தானே செய்வான்னு நானும் சொன்னேன். அவங்களே பாராட்டிட்டாங்க. உடற்பயிற்சி செய்யச் சொல்லி, தலவலிக்குப் போடுற பெனடோல் குடுத்திருக்காங்க."

போலே என்றால் மலாயில் முடியும் என்று அர்த்தம். டிவியைத் திறந்தால் நாடே போலே போலே என்று கத்திக்கொண்டிருந்த காலம் அது. என் கணவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

அந்த ஷூவை நான்தான் குனிந்து கழற்றினேன். கழற்றும்போது அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. மூத்தார் போகிறவரைக்கும் பொறுத்தேன்.

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"பின்ன என்னா சொல்றது? பொம்பள டாக்டரு. அண்ணன் பக்கத்துல நிக்கிறாரு. என் பொண்டாட்டி எனக்குக் கழுவி விடுறான்னு சொல்லணுமா?"

"கழுவுற எனக்கே வெக்கம் இல்ல. உங்களுக்குச் சொல்றதுக்கு என்னா வெக்கம்?"

"நீ பொம்பள. உனக்குத் தெரியாது."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது, இதை வீட்டில் எல்லோரும் படிப்பீர்கள்.

அடுத்த மாதம் ஒரு நாள் மதியம் வேலை முடிந்து வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. குளிக்கிற இடத்தில் சிமெண்டுத் தரையில் கிடந்தார். நான் பெரட்டுக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே தானாகப் போகப் பார்த்து விழுந்திருக்கிறார். இத்தனை நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, என்னா சத்தம்?" என்று கேட்டிருக்கிறார். இவர் தரையில் கிடந்துகொண்டே, "ஒண்ணுமில்லக்கா, குளிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தூக்கி உட்காரவைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பயத்தால் பாதி, ஆத்திரத்தால் பாதி. இவரைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. போகாமல் இருந்தால் வீடு இல்லை. இரண்டில் ஒன்று என்று ஆகிவிட்டது. இவர் தனியாக இருக்கிற அளவுக்காவது எழுந்து நடமாட வேண்டும். அதற்கு அந்த டாக்டரை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தண்டலிடம் போய் லீவு கேட்கவில்லை, நாளைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவருக்குச் சவரம் செய்யவில்லை. வீட்டில் கட்டியிருந்த சாரோங், பொத்தான் வைத்த பழைய சட்டை, ரப்பர் செருப்பு. தலையை மட்டும் வாரிவிட்டேன்.

"கால்சட்டைய எடு" என்றார்.

"எடுக்க மாட்டேன். வீட்ல எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க."

"பிச்சக்காரன் மாதிரி இருக்கேன் புள்ள."

"பரவால்ல. பிச்சக்காரனுக்காவது மருந்து குடுப்பாங்க. மாப்பிள்ளைக்குக் குடுக்க மாட்டேங்கிறாங்களே."

தோட்டத்து லாரியில் முன்னால் ஏற்றிக்கொண்டு ஜாசின் பஸ் நிலையம் வந்தோம். யாரோ போய் மூத்தாரிடம் சொல்லிவிட்டார்கள் போல. சந்தைப் பக்கமிருந்து வேகமாக வந்தார்.

"என்னாம்மா இது, இந்தக் கோலத்துலயா கூட்டிட்டுப் போற? நாலு பேரு பாக்குறாங்க. எங்க குடும்ப மானத்த வாங்காத."

"உங்க மானத்தத்தான் போன தடவ இஸ்திரி போட்டு அனுப்பினேன் மாமா. பெனடோல் குடுத்தாங்க."

பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். மூத்தார் திரும்பிப் போய்விட்டார். மலாக்கா வரைக்கும் பஸ் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் என் கணவர் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். என் கையைப் பிடிக்கவில்லை.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். சிரிக்கிற முகம் கிடையாது. எங்களோடு மலாயில்தான் பேசினார். பழைய குறிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு என் கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"போன தடவ எல்லாம் முடியும்னு சொன்னீங்களே. இப்ப எப்படி? தானா குளிக்க முடியுமா?"

"போலே" என்றார் என் கணவர்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "போஹோங், டாக்டர். பொய். ஒண்ணும் முடியாது. நான்தான் குளிப்பாட்டுறேன். நான்தான் எல்லாம் செய்யிறேன். நேத்து காலையிலேருந்து மதியம் வரைக்கும் குளிக்கிற இடத்துல விழுந்து கிடந்தாரு."

என் கணவர் தமிழில், "வாய மூடு" என்றார். நான் மூடவில்லை.

டாக்டர் இருவரையும் பார்த்தார். அவர் என் பேச்சை நம்பினாரா, என் கணவர் பேச்சை நம்பினாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"சண்ட வேணாம். இங்கேயே பாத்துருவோம். சட்டையக் கழட்டுங்க. திரும்பப் போடுங்க. மெதுவா செய்யலாம், அவசரமில்ல."

என் கணவர் பொத்தானைப் பிடித்தார். மேல் பொத்தான் வந்தது. அடுத்தது வந்தது. கீழே குனிந்து பார்க்க வேண்டிய பொத்தானுக்கு வந்ததும் நின்றார். எனக்குப் பழக்கம். என் கை தானாகவே அவர் சட்டைக்குப் போய்விட்டது.

"ஜங்கான்" என்றார் டாக்டர். வேண்டாம் என்று. "நீ அந்த நாற்காலியில போய் உக்காரு. கை கொடுக்காதே. விழற மாதிரி இருந்தா நான் பிடிச்சிக்குவேன்."

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். உர மூட்டை சுமந்திருக்கிறேன், பாம்புப் புதரில் பழம் பொறுக்கியிருக்கிறேன். அந்த நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுபோல ஒரு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

பொத்தான்களைக் கழற்றி முடித்தார். வலது கையை உருவினார். இடது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டை ஒரு பக்கம் தொங்கியது. முகத்தில் வியர்வை ஒழுகியது. அந்த அறையில் ஏர்கண்டிஷன் குளிர் என் எலும்பில் இறங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு வியர்த்தது. ஒரு கையை மேசையில் ஊன்றி மறுபடி முயன்றார். கால் நடுங்கியது. டாக்டர் கையை நீட்டிக்கொண்டே நின்றார், ஆனால் தொடவில்லை. ஒரு வார்த்தை அவசரப்படுத்தவும் இல்லை. வெளியில் எவ்வளவோ பேர் காத்திருந்தார்கள், எனக்குத் தெரியும்.

கடைசியில் என் கணவர் நிறுத்தினார். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"முடியல புள்ள" என்றார்.

குலையோடு விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. ஆபரேஷன் முடிந்து வந்தபோதும் இல்லை. சொன்ன பிறகு அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் புரிந்துகொண்டார். "இப்ப உதவி செய்யலாம்" என்று என்னிடம் சொன்னார். எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிவிட்டேன்.

அப்புறம் நிறையக் கேட்டார். காலையில் படுக்கையிலிருந்து எப்படி எழுகிறார், எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எதுவரை நடக்கிறார், இரவில் எத்தனை முறை விழிக்கிறார், தண்ணீர் குடிக்கிறாரா, வீட்டுக்கு வெளியே கடைசியாகப் போனது எப்போது. வலியைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார், மற்றதெல்லாம் செய்கிற காரியத்தைப் பற்றித்தான். நடக்கவிட்டுப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழவிட்டுப் பார்த்தார். தரையில் கிடந்த செருப்பை எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் என் கணவர் முடியும், முடியாது என்று சொன்னார். ஒரு தடவை "கொஞ்சம் முடியும்" என்று ஆரம்பித்து, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "முடியாது" என்று மாற்றினார்.

டாக்டர் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. "இது அபின் வகை மருந்து. விளையாட்டு இல்ல. வலி மொத்தமா போயிரும்னு நான் சொல்ல மாட்டேன், போகாது. இத சாப்பிட்டா இவரு இப்ப செய்ய முடியாத ஒண்ண செய்யணும். அதுக்குத்தான் தரேன். சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டே இருந்தாருன்னா நிறுத்திருவேன். சொல்லுங்க, எத நீங்களே செய்யணும்னு ஆசப்படறீங்க?"

மறுபடி குலை வெட்டணும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"இவ வேலைக்குப் போனப்புறம் கக்கூசுக்கு நானே போய்ட்டு வரணும். தண்ணி குடிக்கணும்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. உட்கார்ந்து போக நாற்காலியில் ஓட்டை போட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள், சுவரில் கம்பி அடியுங்கள், தினமும் இந்தப் பயிற்சி செய்யுங்கள் என்றார். மருந்தால் மலச்சிக்கல் வரும், அதற்கும் ஒன்று கொடுத்தார். மாத்திரையை என் கையால்தான் கொடுக்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் குழி வந்தபோது என் கணவர் என் கையைப் பிடித்தார்.

முதல் வாரம் பயங்கரம். வாந்தி எடுத்தார். நாற்காலியிலேயே தலை தொங்கித் தூங்கினார். இப்படித்தான் இருக்கும், பிறகு சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், இருந்தாலும் எனக்கும் பயம்தான். அந்த நேரம் பார்த்து மூத்தார் வந்தார். பள்ளிக்கூடச் சுவர், பஸ் நிலையம் என்று எங்கே பார்த்தாலும் போதைப்பொருள் எச்சரிக்கை ஒட்டியிருந்த காலம். தோட்டத்திலும் பேச்சு கிளம்பியிருந்தது.

"என் தம்பிக்குப் போதை மாத்திரை குடுத்துக் கெடுத்துட்டியே. பாரு எப்படிக் கெடக்குறான்னு. கமிட்டியில என்னைய ஒரு மாதிரி பாக்குறானுங்க. அந்த மாத்திரைய எடுத்துட்டு வா, தூக்கி எறியிறேன்."

"எடுத்துட்டு வரேன் மாமா. நீங்க நாளைக்குக் காலைல பெரட்டுக்கு முன்ன வந்து இவரக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போயி, கழுவி, குளிப்பாட்டி உக்கார வையுங்க. அப்புறம் நானே மாத்திரைய லோங்காங்கு சாக்கடையில போட்டுடறேன்."

"ஏன், செய்ய மாட்டேனா? என் கூடப் பொறந்தவன்."

"வாங்க. பாக்குறேன்."

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். இருட்டு விலகுமுன் வாசலில் அவர் காரின் சத்தம் கேட்டது. என் கணவர், "வேணாம் புள்ள, அவர போகச் சொல்லு" என்றார். தண்ணீரைச் சுடவைத்து வாளியில் ஊற்றிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

உள்ளே முதலில் மூத்தார் குரல் பெரிதாகக் கேட்டது. "என் தோள புடிடா. அப்படித்தான். பயப்படாத." கொஞ்ச நேரத்தில் என் கணவர் கத்தினார். நான் அந்தக் கத்தலைத் தினமும் கேட்கிறவள். மூத்தார் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் குரலே வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் நின்று நின்று கேட்டது.

கதவைத் திறந்து வந்தபோது மூத்தாருடைய கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. படியில் உட்கார்ந்தார். லாரி ஓட்டுகிற முரட்டுக் கையால் கால்சட்டை முனையைப் பிழிந்தார்.

"தெனமுமா?" என்று கேட்டார்.

"தெனமும்தான்."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"அவரு சொல்ல விடல. உங்களுக்காகத்தான் மறைச்சாரு மாமா."

நான் கோபக்காரி. ஆனாலும் அன்று அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஆணி, சுத்தியல், இரும்புக் குழாய் எல்லாம் காரில் போட்டுக்கொண்டு வந்து, சுவரில் கம்பி அடித்து, ஒரு பழைய மர நாற்காலியில் ஓட்டையும் போட்டுக் கொடுத்தார். கோயில் கமிட்டியில் எவனோ மாத்திரையைப் பற்றி வாயைத் திறந்தானாம், "நாளைக்கு வந்து என் தம்பியக் குளிப்பாட்டிட்டுப் பேசுடா" என்று என் வசனத்தையே எடுத்துவிட்டிருக்கிறார். கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

தூக்கமும் வாந்தியும் குறைந்தன. மாத்திரை சாப்பிட்ட பிறகு வலி கொஞ்சம் அடங்குகிற நேரம் பார்த்து டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்வார். எனக்கு எதுவும் சீக்கிரம் நடந்த மாதிரி தெரியவில்லை. ஒரு நாள் மதியம் வந்தபோது தண்ணீர்க் கூஜா காலியாக இருந்தது. கீழே ஊற்றிவிட்டார் என்று நினைத்தேன். குடித்திருக்கிறார். நான் ஒன்றும் கேட்காததுபோல் சமையலறைக்குப் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன நாளில் மூவரும் மலாக்காவுக்குப் போனோம். மூத்தார் காரிலேயே. இந்த முறை என்ன உடுத்துவது என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சாரோங்கும் சட்டையும் போதும் என்றார்.

"வலி எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கு. ஏறக்குறைய அப்படியேதான்" என்றார் என் கணவர்.

எனக்குத் திக்கென்றது. மூத்தாருக்கும் முகம் மாறிவிட்டது. வலி குறையவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிடுவார்களே. இந்த ஒரு தடவையாவது ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று எனக்கே மனதில் ஓடியது. மூத்தார் பின்னாலிருந்து, "குறைஞ்சிருக்கு டாக்டர், நல்லா குறைஞ்சிருக்கு" என்றார்.

"அண்ணே, நான் சொல்றேன், இருங்க" என்றார் என் கணவர்.

அண்ணன் முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் பார்த்ததில்லை. உயரவும் இல்லை, ஆனால் அண்ணன் வாயை மூடிவிட்டார். பிறகு அவருடைய உடைந்த மலாயில் நிதானமாகச் சொன்னார். ஓட்டை போட்ட நாற்காலியில் கக்கூசுக்குத் தானே போவது, தண்ணீர் குடிப்பது, அடுப்பில் கஞ்சி சூடு பண்ணுவது, பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் கம்பு ஊன்றி நடந்துபோய் அந்த அக்காவோடு பேசிவிட்டு வருவது. சொல்லிக்கொண்டே வந்தவர் நிற்கவில்லை. டாக்டர் கேட்காமலேயே மற்றதையும் சொன்னார். குனிய முடியாது. முதுகு தேய்க்க முடியாது, மனைவிதான் தேய்க்க வேண்டும். மழை நாளில் கால் வேலை செய்யாது. ராத்திரி இரண்டு தடவை மனைவி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கோயிலில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அண்ணனும் நானும் நின்றுகொண்டிருந்தோம், எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால்தான் சொன்னார், தலையைக் குனியாமல்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பெத்துல்?" உண்மையா என்று கேட்டார்.

"பெத்துல்" என்றேன். இன்னும் ஏதாவது சேர்க்கலாம் என்று பார்த்தேன். சேர்க்க ஒன்றும் இல்லை. என் வாய்க்கு வேலையில்லாமல் போன நாள் அது ஒன்றுதான்.

"வலி குறையலன்னு நிறுத்திருவீங்களா டாக்டர்?" என்று மூத்தார் மெதுவாகக் கேட்டார்.

"நடக்கிறாரு, தண்ணி குடிக்கிறாரு, வெளிய போறாரு. எதுக்கு நிறுத்தணும்?" என்றார் டாக்டர். பிறகுதான் முதல்முறையாகச் சிரித்தார். "ஆனா ஒவ்வொரு தடவையும் இப்படியே வந்து சொல்லணும். முடியாததையும் சேத்து."

சொன்னார். போன ஒவ்வொரு முறையும் சொன்னார். கொஞ்ச காலம் கழித்து மாத்திரையைக் குறைத்தார்கள், பிறகு இன்னும் குறைத்தார்கள். குலை வெட்ட அவர் போகவே இல்லை. ஆனால் நான் வேலையிலிருந்து நிற்க வேண்டிய நிலை வரவில்லை, நாங்களாக ஜாசின் டவுனுக்குக் குடிபோகிறவரைக்கும் அந்த வீட்டை எங்களிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முதல் நாள் என் கணவரிடம் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். "பளபளன்னு போவாத. உள்ளத சொல்லு. உன்னால முடியாதத மொதல்ல சொல்லு" என்பார். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

எட்டாத மரத்தில் அவர் குலை அறுத்து இறக்கும்போது கீழே நின்று பார்த்துப் பெருமைப்பட்ட பெண்தான் நான். ஆனாலும் இவர் என் புருஷன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திய நாள் எது என்று இன்று யாராவது கேட்டால், தன்னால் முடியாததையெல்லாம் கூடப் பிறந்த அண்ணன் முன்னால் வைத்து, டாக்டர் கேட்காமலேயே அவர் ஒவ்வொன்றாகச் சொன்ன அந்த நாளைத்தான் சொல்வேன்.